ஆள் கேட்டு வந்தவர்

கொழும்புக்கு முதன்முதலாக வருகிறவர்கள் எல்லாரும் கடலைத்தான் பார்ப்பார்கள். வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கை நேராகப் போய்த் தண்டவாளத்தில் முட்டும். அதற்கு அப்பால் கருங்கல் அணை, அணைக்கு அப்பால் கடல். ஊரிலிருந்து வந்த யாரையும் அந்த முனைக்குக் கூட்டிப் போனால் போதும், வாய் திறந்தபடி நின்றுவிடுவார்கள். குஞ்சியப்பு மட்டும் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். மொறட்டுவைப் பக்கமிருந்து காலை ரயில் வந்துகொண்டிருந்தது. கந்தோர் ரயில், அலுவலகம் போகிறவர்களுடையது. கதவுகளில் ஆட்கள் தொங்கினார்கள். குடைகள், தொப்பிகள், சாப்பாட்டுப் பொதிகள், ஒருவர் தோளில் ஒருவர் தாடை. தன் வயல் வெடித்துக் கிடக்கையில் பக்கத்து வயலில் மழை பெய்வதைப் பார்க்கிறவர் போல அவர் அந்தக் கூட்டத்தைப் பார்த்தார்.

"இதிலை ஒரு பெட்டி சனம் போதும் பிள்ளை," என்றார் என்னிடம். "ஒரேயொரு பெட்டி. மிச்சத்தைக் கொழும்பு வைச்சிருக்கட்டும்."

குஞ்சியப்பு என்றால் என் ஐயாவின் கடைசித் தம்பி. ஐயா யாழ்ப்பாணத்தை விட்டுக் கொழும்புக்குக் கிளறிக்கல் வேலைக்கு வந்தபோது, அவர் எதிர்த்திசையில் போனார்: வன்னிக்காட்டுக்குள், ஒரு குளத்தின் கீழ் வயல் வைத்திருந்த குடும்பத்தில் பெண் எடுத்து அங்கேயே தங்கிவிட்டார். உலக யுத்தம் முடிந்து, அரிசிக் கூப்பனும் மிளகாய்த் தட்டுப்பாடும் இன்னும் முடியாதிருந்த காலம் அது. நான் கொட்டாஞ்சேனையில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கத் தொடங்கியிருந்தேன். அவர் எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கியபோது தேன் போத்தலும் மான் வற்றலும் கொண்டுவந்தார். முகம் மஞ்சள் பூத்திருந்தது. அந்த மஞ்சளைப் பார்த்தவுடனே அம்மா மலேரியாவுக்கான கொயினா மாத்திரையைத் தேடப் போனாள்.

அவருடைய ஊரைப் பற்றி அவர் சொன்னதெல்லாம் இல்லாமைகள்தான். குளம் இருந்தது, கட்டு உடைந்தால் மண் போட ஆள் இல்லை. வயல் இருந்தது, ஒரு மூலையில் விதைத்துவிட்டு மற்றதைப் பன்றிக்கு விட்டார்கள். ஒவ்வொரு மாரிக்குப் பிறகும் நுளம்பு கடித்துக் காய்ச்சல் வரும்; காய்ச்சல் போகும்போது தனியே போகாது. அவருக்குப் பிறந்த பிள்ளைகளில் கடைசிப் பெண் ஒருத்திதான் மிஞ்சியிருந்தாள். ஒரு வீட்டில் விளக்கு எரியாமல் போனால் அடுத்த மழைக்குள் அந்த வீட்டுக்குள் காடு வந்து குந்திவிடும் என்பார். காடு வருவதை நான் அதற்கு முன் யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. ஏதோ உறவுக்காரர் வந்து குந்துவது போல.

அவர் கேட்டது ஒரு மருந்துச்சாலை. ஓர் அறை, மருந்து கொடுக்க ஓர் அப்போத்திக்கரி, கொயினா. அரசாங்கக் கச்சேரிக்கு நடையாய் நடந்தார். அங்கே ஒரு துரை சொன்னாராம்: சனம் இல்லாத இடத்துக்கு மருந்துச்சாலை எதற்கு, குடிசன மதிப்பு வருகிறது, எண்ணிப் பார்த்துவிட்டுக் கதைப்போம் என்று.

"மருந்து இல்லாததாலை சனம் சாகுது, அண்ணை. சனம் செத்ததாலை மருந்து இல்லையாம். இதிலை எந்தப் பக்கத்தாலை நான் உள்ளுக்குப் போறது?"

ஐயா கந்தோர்க் கோப்புகளோடு வாழ்ந்தவர். அந்த வட்டத்துக்குக் கதவு இல்லை என்று அவருக்குத் தெரியும். ஆனால் குஞ்சியப்பு ஒரு கதவைக் கண்டுபிடித்துக்கொண்டுதான் வந்திருந்தார். மதிப்பு எடுக்கும் அன்று இரவு யார் எங்கே தங்குகிறார்களோ அங்கேதான் அவர்கள் எண்ணப்படுவார்கள். இதை ஊர் அதிகாரியான விதானையார் வாயிலிருந்தே கேட்டு, திரும்பத் திரும்பக் கேட்டு உறுதிப்படுத்தியிருந்தார். அந்த ஊரில் பிறந்தவர்கள், அந்த ஊர்ப் பெண் வயிற்றில் பிறந்தவர்கள், வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் எத்தனை பேர் சிதறிக் கிடக்கிறார்கள்! அந்த ஒருநாள் அவர்கள் எல்லாரும் ஊரில் படுத்தெழும்பினால்?

"இது களவு இல்லையோடா?" என்று ஐயா கேட்டார்.

"என்ன களவு? அண்டைக்கு ஊரிலை படுக்கிறவை ஊர்ச்சனம். நான் சொல்லேல்லை, வெள்ளைக்காரன் சொல்லுறான்."

எனக்குக் கொட்டாஞ்சேனைச் சந்துகள் பழக்கம் என்பதால் பள்ளிக்கூடம் விட்டபின் நான்தான் அவரைக் கூட்டிக்கொண்டு திரிந்தேன். துறைமுகத்தில் வேலை செய்தவன், நகைக்கடையில் பட்டறைக்கு முன் குந்தியிருந்தவன், சாப்பாட்டுக் கடைக் காசாளர், பிள்ளைப்பெற்ற வீட்டுப் பெண்கள். எல்லார் முன்னாலும் அவர் ஒரே மாதிரி நின்றார், கல்யாணத்துக்கு அழைக்க வந்தவர் போல. வெற்றிலைத் தட்டம் மட்டும்தான் கையில் இல்லை.

துறைமுகத்துக்காரன் சிரித்துச் சிரித்துக் கேட்டான்: "குஞ்சியப்பு, நுளம்பையும் எண்ணுவினமோ? எண்ணினா உங்கட ஊர் கொழும்பைவிடப் பெரிசெல்லோ!"

அவனைவிடக் குஞ்சியப்புதான் பெரிதாகச் சிரித்தார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்ப வாறாய்தானே தம்பி?" என்றார். அவனால் இல்லை என்று சொல்ல முடியவில்லை.

வன்னித் தேனும் நெய்யும் வாங்கி விற்கும் முஸ்லிம் முதலாளி ஒருவர் இருந்தார். எங்களைக் கண்டதும் கதிரை போடச் சொல்லி, பிளேன்டீ வரவழைத்து, கதை முழுவதையும் கேட்டார். "எல்லாரும் கொழும்புக்குச் சாமான் கேட்டு வாறாங்க. நீங்க ஆள் கேட்டு வந்தீக்கிறீங்க," என்றார் தாடியைத் தடவியபடி. "நான் வரேலா தம்பி, கடைய உட்டுப்போட்டு. எங்கட மருமகன் ரெண்டு பேரையும் கூட்டிப் போங்க. அவங்கள்ட உம்மாட உம்மா அந்தப் பக்கம்தான்." அந்த உறவு உண்மையா என்று குஞ்சியப்பு கேட்கவில்லை. உண்மையாக்கிக்கொண்டு எழுந்தார்.

என்னையும் கூட்டிப் போவதாக அவர் சொன்னபோது அம்மா வெடித்தாள். "குமர்ப்பிள்ளையை நுளம்புக்குக் குடுக்கவோ நான் வளர்த்தனான்?" ஐயாவுக்கு லீவு இல்லை, அல்லது லீவு கேட்கத் துணிவில்லை. தன் பங்குக்கு என்னை அனுப்பினார். என் பையில் அம்மா வைத்த கொயினா என் உடுப்பைவிட அதிகம்.

மதிப்பு நாளன்று, புறப்பட்ட காலையில், அவரைப் பார்த்திருக்க வேண்டும். எருமைகளை விற்று டிக்கெட் எடுத்திருந்தார். ஒரு பெட்டி நிறையத்தான் சனம். பெண்கள் புளிச்சோறு கட்டிக்கொண்டு வந்தார்கள். முதலாளியின் மருமக்கள் துறைமுகத்துக்காரனோடு கடதாசிச் சீட்டு விளையாடினார்கள். அவர் இருக்கவேயில்லை; கதவுக்கும் கதவுக்கும் நடந்து, தூங்கிய குழந்தைகளின் காலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார், தொலைந்துவிடுவார்கள் என்பது போல. பின்னேரம் போய் இறங்கினால் வண்டில்கள் நிற்கும், பொழுதுபடக் குளக்கட்டில் கால் வைக்கலாம். தென்னைகள் குறைந்தன. வெளி காய்ந்தது. அதன்பின் இரண்டு பக்கமும் காடு மூடிக்கொண்டது. மனித வாடையே இல்லாத பச்சை. அத்தனை பச்சையை நான் அன்றுதான் முதலில் பார்த்து அஞ்சினேன்.

பிறகு ரயில் நின்றது.

முன்னால் போன சாமான் ரயிலின் பெட்டியொன்று தடம் புரண்டு கிடப்பதாகச் சொன்னார்கள். வழியில் ஒரு சின்ன ஸ்டேஷன். பின்னேரம் போனது, வெயில் மரங்களின் உச்சிக்கு ஏறியது, விளக்கு ஏற்றினார்கள். நாங்கள் அசையவில்லை. குஞ்சியப்பு ஸ்டேஷன் மாஸ்டரிடம் போவதும் வருவதுமாக இருந்தார். அவருடைய வேட்டிக்கரை முழுதும் கரிப்புழுதி. அப்போது அரிக்கன் லாம்பும் பென்சிலுமாக ஓர் இளம் சிங்கள உத்தியோகத்தர் எங்கள் பெட்டிக்குள் ஏறினார். பயணத்தில் இருப்பவர்களை ரயிலிலேயே எண்ண வேண்டும் என்பது விதி.

அதை யாரும் குஞ்சியப்புவுக்குச் சொல்லியிருக்கவில்லை.

"மஹத்தயா, அபி கமட்ட யன மினிஸ்ஸு," என்றார் அவர். ஐயா, நாங்கள் ஊருக்குப் போகிற சனம். காட்டு வாழ்விலும் அரைகுறைச் சிங்களம் அவரிடம் இருந்தது. திரும்பத் திரும்ப அதையே சொன்னார். அந்த இளைஞர் கெட்டவர் இல்லை. தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். கேட்டுக்கொண்டே ஒவ்வொருவராக எழுதினார். வேறெங்கும் இரண்டாம் முறை எண்ணாதிருக்க ஆளுக்கொரு துண்டும் கொடுத்தார். கடைசியாகக் குஞ்சியப்புவுக்கும் ஒன்று. தன் ஊருக்குச் சேர்க்க அத்தனை பேரை அழைத்து வந்தவர் தன்னையும் ஊர்க்கணக்கிலிருந்து எடுத்துவிட்டார். அந்தத் துண்டை அவர் வாங்கிய விதம்! இரண்டு கையாலும், கோயிலில் விபூதி வாங்குவது போல.

"பரவாயில்லை," என்றார், யாரிடமென்றில்லாமல். "ஊரிலை இருக்கிற சனம் இருக்குது. அதையாவது எண்ணியிருப்பாங்கள்."

மறுநாள் விடிந்தபின் நாங்கள் இறங்கினோம். காட்டுக்குள் ஒரு மேடை, ஒரு தண்ணீர்த் தாங்கி, ஸ்டேஷனைச் சுற்றிச் சில வீடுகள். மேடை நிறைய மனிதர்கள். வண்டில்கள் வரிசையாக அவிழ்த்துவிடப்பட்டிருந்தன. குளித்து, எண்ணெய் வைத்து, இருந்ததில் நல்லதை உடுத்து, முதல் நாள் மத்தியானத்திலிருந்து அங்கேயே காத்துக் கிடந்திருக்கிறார்கள். வன்னியில் விருந்தாளியை ஊருக்குள் தனியே நடந்து வரவிட மாட்டார்கள். எந்த வீட்டுக்கு விருந்தோ அந்த வீட்டார் எதிர்கொண்டு போய்க் கூட்டி வருவார்கள். இந்த முறை எல்லா வீட்டுக்கும் விருந்து. பிள்ளைகளும் வந்திருந்தார்கள், புது முகம் பார்க்க அந்தப் பிள்ளைகளுக்கு வேறு எப்போது வாய்த்தது?

குஞ்சியப்பு மேடையில் கால் வைத்தவுடன் நின்றார். ஒருவர் முகத்திலிருந்து ஒருவர் முகமாகப் பார்த்துக்கொண்டு போனார்.

"ஊரிலை ஆர் நிக்கினம்?"

முன்னால் நின்றவர் பெருமையோடு சொன்னார்: "ஒருத்தரும் இல்லை அண்ணை. எல்லாரும் வந்திட்டம்."

காய்ச்சலில் எழும்ப முடியாதவர்கள் மட்டும்தான் ஊரில் இருந்தார்கள். மேடையில் நின்றவர்களை ஸ்டேஷன் பகுதி விதானை இரவே எண்ணித் தன் பிரிவில் சேர்த்துவிட்டார். குஞ்சியப்பு தண்ணீர்த் தாங்கியின் அடியில் குந்திக்கொண்டார். யாரையும் ஏசவில்லை. ஏசியிருந்தால் நாங்கள் தாங்கியிருப்போம். சிறிது நேரத்தில் எழும்பி, "சரி, வாருங்கோ, சனம் பசியோட நிக்குது," என்று மாடுகளைப் பூட்டினார். அன்று அவர் கையால் பரிமாறிய சோற்றை நாங்கள் எல்லாரும் உண்டோம். துறைமுகத்துக்காரன் ஒரு பகிடியும் விடவில்லை. உள்ளே பாயில் கிடந்த சின்னம்மா, குஞ்சியப்புவின் மனைவி, என் கையைப் பிடித்து, காய்ந்த உதட்டால் சிரித்தாள். "என்னை எண்ணிப்போட்டாங்கள் பிள்ளை. படுத்த பாயிலை."

மருந்துச்சாலை வந்தது. ஸ்டேஷனடியில் வந்தது, குஞ்சியப்புவின் ஊரிலிருந்து மாட்டுவண்டிலில் இரண்டு மூன்று மணி நேரத் தூரத்தில். அந்த ஒரு இரவு அவர்கள் அங்கே நின்றதால்தான் அது அங்கே வந்ததா? ரோட்டுக்குப் பக்கம் என்பதால்தான் என்றார் ஐயா. இருக்கலாம். எனக்கு இன்றுவரை தெரியாது. அடுத்த மாரியில் சின்னம்மாவை வண்டிலில் ஏற்றி அங்கே கொண்டு போனார்கள். பாதி வழியில் வண்டிலைத் திருப்பினார்கள்.

இப்போது பத்திரிகையைத் திறந்தால் சனத்தொகை பெருகிவிட்டது, எங்கே குடியேற்றுவது என்று எழுதுகிறார்கள். மருந்து தெளித்து நுளம்பை அடக்கிவிட்டார்கள். அந்தப் பக்கக் காடுகள் கொலனிகளாகிவிட்டன. பஸ் போகிறதாம், சினிமாக் கொட்டகை இருக்கிறதாம். பெருக்கம் என்ற சொல்லைப் படிக்கும்போதெல்லாம் பத்திரிகையை மடித்து வைத்துவிடுவேன். வரத்தான் போகிறது என்றால், சற்று முந்தி வந்திருக்கக் கூடாதா? ஒரு மாரிக்கு முந்தி. ஒரு பாய்க்கு முந்தி.

சின்னம்மாவின் முப்பத்தோராம் நாள் அந்திரட்டி முடிந்த கையோடு குஞ்சியப்பு மறுபடி கொழும்புக்கு வந்தார். இந்த முறை ஆள் கேட்டு வரவில்லை. மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார்; மூத்தவர்கள் எல்லாம் போனபின் மிஞ்சிய அந்த ஒருத்தியை. "இவள் இஞ்சை நிக்கட்டும் அண்ணி," என்றார். அம்மா அவளை அள்ளி எடுத்த எடுப்பிலேயே நெற்றியில் கைவைத்துப் பார்த்தாள். அவர் திரும்பும்போது ஸ்டேஷன்வரை நானும் அவளும் போனோம். ரயில் வந்தபின் அவள் அவருடைய வேட்டியைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்களும் இஞ்சையே நில்லுங்கோவன் அப்பு. அங்கை ஆர் இருக்கினம்?"

அவர் அவள் விரல்களை மெல்ல விலக்கினார். "நானும் வந்திட்டா, அங்கை சனம் இல்லையெண்டு அவங்கள் சொன்னது உண்மையாப் போயிடுமெல்லோ, மேனை."

அவர் அங்கேயே, காய்ச்சலில்தான் இறந்தார். கடைசி ஆள் அவர் என்றுதான் கேள்வி. அதன்பின் வந்த மதிப்பில், வெள்ளையர் போய்விட்ட பிறகு, எங்கள் ஒழுங்கைக்கு ஓர் உத்தியோகத்தர் வந்தார். வாசலில் நின்ற தங்கச்சி, குஞ்சியப்புவின் மகள், இப்போது வளர்ந்த பெண், வீட்டில் இருப்பவர்களின் பெயர்களைத் தெளிவாகச் சொன்னாள். ஐயா, அம்மா, நான். உள்ளிருந்து கேட்டுக்கொண்டிருந்த ஐயா, "உன்ரை பேரை விட்டிட்டாய் பிள்ளை," என்றார்.

"விடேல்லைப் பெரியையா," என்றாள் அவள். பிறகு வந்தவரைப் பார்த்து, "என்னை அங்கை எழுதுங்கோ. அங்கை இப்ப ஒருத்தரும் இல்லை."

அவர் பென்சிலை உயர்த்தியபடி ஐயாவைப் பார்த்தார். ஐயா தலையைக் குனிந்துகொண்டார். அன்று இரவு அவள் படுக்கப்போவது எங்கள் வீட்டில்தான். எங்களோடு சேர்த்தே எழுதிக்கொண்டு அவர் அடுத்த வீட்டுக்குப் போனார்.