வெங்காயத் தோலில் ஒரு கோடு

அலமாரியைப் பூட்டிவிட்டுக் கதவை ஒரு முறை இழுத்துப் பார்ப்பார். நாலு எட்டு நடந்ததும் சந்தேகம் வந்து, திரும்பி வந்து மறுபடியும் இழுத்துப் பார்ப்பார். பூட்டு அசையவில்லை என்று தெரிந்த பிறகுதான் முகம் தெளியும். "பத்திரமா இருக்கு" என்பார், யாரும் கேட்காமலே. எங்கள் பள்ளியில் அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் பாதிப் பேர் விழிப்பார்கள். பத்திரம் டீச்சர் என்றால் வாசலில் நிற்கும் காவலாளிகூட அறிவியல் அறைக்குக் கை காட்டுவார்.

அலமாரிக்குள் இருந்தது ஒரு மைக்ராஸ்கோப். பள்ளிக்கே அது ஒன்றுதான். பிளாஸ்டிக் உறை போட்டு, உறைக்கு மேல் துணி போட்டு, நடுத்தட்டில் கொலுவிருந்தது. வகுப்பில் நுண்ணோக்கிப் பாடம் வரும்போது மட்டும் துணியும் உறையும் விலகும். கண்ணாடிக் கதவு விலகாது. பிள்ளைகள் வரிசையாக வந்து கண்ணாடி வழியே எட்டிப் பார்த்துவிட்டுப் போக வேண்டும். "தள்ளி நின்னு பாரு. மூச்சுக் காத்து படுது பாரு, கண்ணாடி மங்குது!" என்று பக்கத்தில் நின்று அதட்டிக்கொண்டிருப்பார்.

அவரைப் பார்த்துச் சிரிப்பது சுலபம். நானே சிரித்திருக்கிறேன், அடுத்த அறையில் தமிழ் வகுப்பு எடுக்கிறவன் நான், சிரிப்பதற்கு வசதியான இடம். ஆனால் அவர் கதை வேறு. இதற்கு முன்பு வேறொரு மைக்ராஸ்கோப் இருந்தது. வந்த புதிதில் ஒரு மாணவன் ஆசையாகத் திருகைத் திருப்பப் போய், லென்ஸ் கீழே இறங்கிக் கண்ணாடித் தகட்டில் முட்டி உடைந்துவிட்டது. மாவட்டக் கல்வி அலுவலகம் டீச்சரைக் கூப்பிட்டு நிற்க வைத்துக் கேள்வி கேட்டது. அதன் பிறகு இன்னொன்று வாங்க அவர் நடையாய் நடந்தார். போனால் அதிகாரி இல்லை, அதிகாரி இருந்தால் நிதி இல்லை. வருடக்கணக்கில் அலைந்து கடைசியில் கிடைத்ததுதான் இது. அதே மாவட்டத்தில், நகரத்துப் பள்ளியில் மேசைக்கு ஒன்று வைத்திருக்கிறார்கள். இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. டீச்சர் எரிச்சல்படவில்லை, பயந்துவிட்டார். "உடைஞ்சா யாரு தம்பி தருவா? உங்கப்பாவா, எங்கப்பாவா?" என்பார்.

வீட்டிலும் இதே கதைதான். ஒருமுறை போயிருந்தேன். சோபாவின் பிளாஸ்டிக் உறை இன்னும் கழற்றப்படாமல் நான் அசையும்போதெல்லாம் சத்தம் போட்டது. கண்ணாடி அலமாரி நிறைய பூப்போட்ட கோப்பைகள். எனக்குத் தேநீர் வந்தது விளிம்பு நசுங்கிய டம்ளரில். அவருடைய மகள் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "எங்களையும் உள்ள வச்சுப் பூட்டியிருப்பாங்க அங்கிள். மூச்சு முட்டும்னுதான் வெளிய விட்டு வளர்த்தாங்க." டீச்சர் கோபித்துக்கொள்ளவில்லை. "இவ உடைச்ச கோப்பைய எண்ணினா ஒரு கடை வைக்கலாம்" என்று மட்டும் சொன்னார்.

படம் வரைவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. பாடநூலில் இருக்கும் வெங்காயத் தோல் படம் மை அப்பிக் கிடக்கும். அந்த நூலும் பாதி வருடம் கழித்துத்தான் வந்து சேரும். அதனால் வெங்காயத் தோலைப் பலகை முழுக்கப் பெரிதாக, வண்ணச் சுண்ணக்கட்டியில் வரைவார். விரலால் பிடிக்க முடியாத துண்டுச் சுண்ணக்கட்டிகளைக்கூடத் தகர டப்பாவில் சேர்த்து வைத்திருப்பார். செங்கல் அடுக்கியது போலச் செல்கள் எழும்பி வரும். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு பொட்டு. பிள்ளைகள் வாய் பிளந்து பார்ப்பார்கள். அவருடைய பாடத்தில் எழுத்துத் தேர்வில் கோட்டை விட்டவர்கள் குறைவு.

அந்தப் பலகையில் ஒரு விரிசல். மேல் மூலையிலிருந்து கீழ் மூலைக்குக் குறுக்காக ஓடும். புதுப் பலகை கேட்டுக் கடிதம் போட்டதற்கு மாவட்டத்திலிருந்து ஒரு டப்பா கறுப்புப் பெயிண்ட் வந்தது. பெயிண்ட் அடித்ததில் விரிசல் மூடவில்லை, பளபளப்பானது. அதற்குள் சுண்ணக்கட்டித் தூள் இறங்கி இறங்கி, எப்போதும் ஒரு வெள்ளைக் கோடாகத் தெரியும். டீச்சருக்கு அது கண்ணில் படுவதே இல்லை. நம் மூக்கு நம் கண்ணுக்குத் தெரிகிறதா என்ன? பிள்ளைகளுக்குத் தெரிந்தது. வெங்காயத் தோல் வரையும்போதெல்லாம் அந்தக் கோட்டையும் சேர்த்து, அடிக்கோல் வைத்து நேராக வரைந்தார்கள். டீச்சர் அதற்கும் சரி போட்டுக் கொடுத்தார்.

இந்த வருடம் செய்முறைத் தேர்வு என்று ஒன்றைப் புதிதாகக் கொண்டுவந்தார்கள். நகரத்துப் பள்ளிக்குப் போய், மைக்ராஸ்கோப்பில் பார்த்து, பார்த்ததை வரைய வேண்டும். எங்கள் பள்ளியில் மேல்வகுப்புக்கு வணிகப் பிரிவு மட்டும்தான். அறிவியல் படிக்க வேண்டுமென்றால் நகரத்தில் இடம் கிடைக்க வேண்டும், அதற்கு இந்த மதிப்பெண்ணும் வேண்டும். எங்கள் பிள்ளைகளில் அந்த இடம் நிச்சயம் என்று நாங்கள் நம்பியது ஒரு பெண்ணைத்தான். கேள்வி முடிவதற்குள் பதில் சொல்லிவிடுவதால் டீச்சர் அவளுக்கு வைத்த பெயர் முந்திரிக்கொட்டை. அம்மா மருத்துவமனையில் தரை துடைக்கிறவர். மகளை அதே கட்டடத்தில் செவிலியாகப் பார்த்துவிட வேண்டும் என்பது அவருடைய ஒரே ஆசை.

துணைக்குப் போனது நான். திரும்பி வரும்போது பேருந்தில் அவள் முந்திக்கொண்டு எதுவும் சொல்லவில்லை. நான்தான் கேட்டுக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது.

"எதைத் திருகணும்னு தெரியல சார். எட்டிப் பார்த்தா வெள்ளையா வெளிச்சந்தான் தெரிஞ்சுது. கொஞ்சம் சாஞ்சா என் கண்ணிமை முடி தெரிஞ்சுது. நேரம் போயிட்டே இருந்துச்சா, டீச்சர் படத்தையே வரைஞ்சிட்டேன்."

"மத்தவங்க?"

"எல்லாரும் அதான் சார். பரீட்சை வச்ச சார் வந்து, இது என்ன கோடுன்னு கேட்டார்."

"நீ என்ன சொன்னே?"

"சத்து போற வழின்னு சொன்னேன்."

எங்கள் பள்ளிப் பிள்ளைகள் அத்தனை பேர் தாளிலும் அதே இடத்தில் அதே கோடு. உலகத்தில் எந்த வெங்காயத்திலும் அது கிடையாது. ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியிருக்கிறார்கள் என்று முடிவுகட்டி, எல்லோருடைய மதிப்பெண்ணையும் நிறுத்திவைத்துவிட்டார்கள்.

நான் விஷயத்தைச் சொன்னபோது டீச்சர் முதலில் நம்பவில்லை. பிறகு எழுந்து பலகையிடம் போனார். விரிசலில் விரல் வைத்து மேலிருந்து கீழ்வரை இழுத்தார். விரல் நுனி வெள்ளையாக வந்தது. அதைப் பார்த்தபடியே நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். "இத்தனை வருஷமா இதையா தம்பி சொல்லிக் கொடுத்தேன்?" என்றார்.

மறுநாளே மாவட்ட அலுவலகம் போனோம். வழியெல்லாம் அவருக்கு நான் ஒரே பாடம் நடத்தினேன்: மைக்ராஸ்கோப் பழுது, வந்த நாளிலிருந்தே பழுது என்று சொல்லிவிடுங்கள், உங்கள் தலை தப்பும். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். அதிகாரி கேட்ட முதல் கேள்வியே அதுதான்.

"உங்க ஸ்கூலுக்குத்தான் மைக்ராஸ்கோப் குடுத்திருக்கோமே மேடம்?"

"இருக்கு சார். பத்திரமா இருக்கு." அந்த வார்த்தையை அவர் அவ்வளவு சின்னக் குரலில் சொல்லி நான் கேட்டதில்லை. "பிள்ளைங்கதான் அதைத் தொட்டதில்ல. நான் தொட விட்டதில்ல. அந்தக் கோடு என் பலகையில இருக்கிற விரிசல் சார். அவங்க யாரையும் பார்த்து எழுதல. என்னைப் பார்த்து எழுதினாங்க."

அதிகாரி கெட்டவர் இல்லை. காப்பியடித்தார்கள் என்ற பழியை நீக்கிவிட்டார். ஆனால் தப்பாக வரைந்த படத்துக்கு மதிப்பெண் கொடுக்க அவராலும் முடியவில்லை. விசாரணை முடிந்து பட்டியல் வருவதற்குள் நகரத்துப் பள்ளியில் அறிவியல் இடங்கள் நிரம்பிவிட்டன. டீச்சருக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அதை அவர் ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை. முந்திரிக்கொட்டை எங்கள் பள்ளியிலேயே வணிகப் பிரிவில் சேர்ந்தாள். சேர்க்க வந்த அவளுடைய அம்மா, டீச்சரைப் பார்த்ததும் வழக்கம்போல வணக்கம் சொன்னார். திட்டியிருந்தால் டீச்சருக்குத் தேவலாமாக இருந்திருக்கும்.

இப்போது அலமாரிக்குப் பூட்டு கிடையாது. மைக்ராஸ்கோப் ஜன்னலோரம் மேசைமேல் இருக்கிறது, பிள்ளைகள் மொய்க்கிறார்கள். ஒரு திருகு அதற்குள் ஆட்டம் கண்டுவிட்டது. டீச்சர் பார்த்தும் பார்க்காதவர் போல இருக்கிறார். பலகையின் விரிசலை நாங்கள் மாவு பிசைந்தாற்போல ஏதோ ஒன்றைக் குழைத்து அடைத்திருக்கிறோம். புதுப் பலகை வருகிறது என்கிறார்கள்.

போன வாரம் இடைவேளையில் அந்தப் பெண் தாழ்வாரத்தில் போய்க்கொண்டிருந்தாள். டீச்சர் வாசலுக்கு வந்து கூப்பிட்டார்.

"எனக்கு இப்ப சயின்ஸ் இல்லையே டீச்சர்."

"தெரியும்டி. வா."

முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார வைத்தார். வெங்காயத் தோலை லென்ஸுக்குக் கீழே வைத்து, எந்தத் திருகு, எந்தப் பக்கம் என்று அவள் கையைப் பிடித்தே திருப்பினார். பெண் ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிந்தாள். திருகை ஒரு மயிரிழை முன்னும் பின்னும் நகர்த்தினாள். பிறகு, தலையைத் தூக்காமலே, மெல்ல, "கோடே இல்ல டீச்சர்" என்றாள்.

மணி அடித்தது. "கணக்கு சார் திட்டுவார்" என்று அவள் எழப் போனாள். டீச்சர் அவள் தோளில் கை வைத்து, அழுத்தி, மறுபடியும் உட்கார வைத்தார்.