மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால்

கடைகடையாய் ஏறி எடைக்கல்லைச் சோதித்தே உத்தியோகம் பார்த்து ஓய்வுபெற்றவர் அவர். தட்டுக்கு அடியில் துளி மெழுகு ஒட்டியிருந்தாலும் வாசலிலேயே மோப்பம் பிடித்துவிடுவார். ஊர் வைத்த பெயர் தராசு. அப்பேர்ப்பட்டவர், விற்கப்போகும் தன் பழைய வீட்டுச் சுவரில் ஒரு தில்லுமுல்லு செய்திருந்தார்.

அந்த வீடு கட்டியபோது யாரும் எர்த் கம்பி இழுக்கவில்லை. ஃபிரிட்ஜின் உடம்பில் மின்சாரம் கசிந்தால் மண்ணுக்குள் இறங்க வழியில்லை. தொட்டவர் வழியாகத்தான் இறங்கும். தராசு கண்ட பரிகாரம் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு. அதை மாட்டிக்கொண்டுதான் மனைவி ஃபிரிட்ஜைத் திறப்பாள்.

தரகர் வந்து கிளப்பிவிட்டார். "ரெண்டு ஓட்டை பிளக் பாயிண்டைப் பார்த்தா விலையை அடிச்சிருவாங்க சார். மூணு ஓட்டை வச்சது மாட்டிருங்க. பின்னால எர்த் கம்பி இருக்கான்னு எவன் கழட்டிப் பார்க்கப்போறான்?"

மாட்டினார். மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் வெறும் காற்று. அன்றிலிருந்து சவரம் செய்யும்போது கண்ணாடியில் ஏதோ ஒரு கடைக்காரன் முழித்தான்.

கைக்குழந்தையோடு இளம் தம்பதி வீடு பார்க்க வந்தது. தராசு செருப்பைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார்.

"எல்லாமே மூணு பின்னு! பழைய வீட்டுல இது பெரிய விஷயம்" என்றான் கணவன்.

"சார் வீடாச்சே, அளவு தப்புமா?" என்று தரகர் ஐஸ் வைத்தார்.

தராசு மனசுக்குள் நிறுத்துப் பார்த்தார். சொன்னால் வீடு விலைபோகாது. சொல்லாவிட்டால்? அதற்குள் அந்தப் பெண் பால்புட்டியைக் கழுவிவிட்டு, ஈரக்கையோடு, வெறுங்காலோடு ஃபிரிட்ஜை நோக்கிக் கை நீட்டினாள்.

"தொடாதம்மா! ஷாக் அடிக்கும்!"

தராசு போட்ட கத்தலில் வீடே அதிர்ந்தது. பிறகு எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். தரகர் தலையில் அடித்துக்கொண்டார். "நல்லவேளை சொன்னீங்கய்யா" என்று தம்பதி குழந்தையை அள்ளிக்கொண்டு கிளம்பியது.

தராசு நாற்காலியில் சாய்ந்தார். "விலை போனா போகுது. மனசு கேக்கல, பார்த்தியா?"

மனைவி பாத்திரத்தை ணங்கென்று வைத்தாள். "யாரு பெத்த பொண்ணோ, அவளுக்கு அந்தக் கத்து கத்துறீங்க. எனக்குச் சுர்ருன்னு அடிச்சப்பல்லாம் என்ன கேட்டீங்க? 'செருப்பு போட்டியா'ன்னுதானே?"

அவர் எழுந்துபோய், எர்த் கம்பி இழுக்கச் சொல்லி எலக்ட்ரீஷியனுக்குப் போன் போட்டார்.

"இத்தனை வருஷம் இருந்தாச்சு, அடுத்த வாரம் வரட்டுமா சார்?"

"இப்பவே வாப்பா."

"அவரு வர்ற வரைக்கும் நீங்களே பாலை எடுத்துக் குடுங்க" என்றாள் மனைவி, திரும்பாமலே.

ஃபிரிட்ஜ் கதவை அவர் இதுவரை திறந்ததே இல்லை. கேட்டதெல்லாம் கைக்கு வந்துவிடும். வெறுங்காலோடு போய்ப் பிடித்தார். சுர்ரென்று முழங்கை வரை ஏறியது. வாய்வரை வந்த 'ஐயோ'வை விழுங்கிவிட்டுப் பாலை எடுத்து நீட்டினார்.