மாதா கோயிலுக்குப் போன தையல் மிஷின்

இந்தத் தெருவில் பொருள்கள் ஓரிடத்தில் நிற்பதில்லை. காலையில் என் வீட்டிலிருந்த அண்டா மத்தியானம் நாலு வீடு தள்ளிச் சோறு வடிக்கும். யாரும் கேட்டு எடுப்பதில்லை, யாரும் திருடுவதுமில்லை. ரங்கூனிலேயே தங்கிவிட்ட உங்களுக்கும், என்னோடு கப்பலேறி எங்கெங்கோ கரையேறிய உங்களுக்கும் இது விளங்காது. நாம் எல்லாவற்றையும் பூட்டி வைத்தோம். பூட்டோடு விட்டுவிட்டு வந்தோம்.

ராயபுரத்தில், கடலுக்கு முதுகு காட்டிய ஓர் ஒற்றை அறையில் வாடகைக்கு இருக்கிறோம். என் மனைவி மீனாட்சி கப்பலில் கொண்டுவந்தது தையல் மிஷின் ஒன்றைத்தான். துறைமுகத்தில் எனக்கு வேலை இல்லாத நாள்களில் அதுதான் உலை வைக்கிறது. அதை நினைத்துத்தான் இன்சூரன்ஸ் ஏஜெண்டை உட்காரச் சொன்னேன்.

"வாடகை வீட்டுக்கு எதுக்கு சார்?"

"சுவரும் கூரையும் வீட்டுக்காரர் பாடு. வீட்டைத் தலைகீழாகக் கவிழ்த்தால் எதெல்லாம் விழுமோ, அது உங்கள் பாடு. தீயோ புயலோ திருட்டோ, எதில் போனாலும் ஈடு கிடைக்கும்."

கவிழ்த்தால் முதலில் விழப்போவது நாங்கள்தான் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் பத்திரம் வந்தபோது, என் பெயருக்குக் கீழே அகதி என்றில்லாமல் ஒரு கதவு எண் இருந்தது. அந்த வரியையே திரும்பத் திரும்பப் படித்தேன். மற்ற வரிகளுக்குக் கண் போகவில்லை.

ஐப்பசியில் கடல் ஏறியது. ஏறினால் தெருவின் சாமானெல்லாம் மாதா கோயில் கொட்டகைக்குப் போவது இங்கே வழக்கம். பக்கத்து வீட்டு லூர்து அக்கா கதவை இடித்தாள்.

"இன்னா நைனா, கடலு வூட்டாண்ட வந்துகினு கீது, நீ குந்திகினு கீற? மிஷின தூக்கு!"

"இன்சூரன்ஸ் இருக்கு அக்கா."

"அது வந்து தண்ணிய தள்ளுமா? தூக்குய்யா!"

தூக்கிப்போய் வைத்தோம். தண்ணீர் எங்கள் வாசல்படி வரை வந்து, எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டது. கொட்டகையில்தான் நனைந்த சுவர் மிஷின்மேல் சரிந்தது.

ஏஜெண்ட் வந்து பார்த்தார். "பாலிசி இந்த முகவரிக்குள் இருக்கும் பொருளுக்குத்தான். கோயிலில் உடைந்ததற்கு இல்லை."

"காப்பாத்தத்தானே சார் கொண்டுபோனோம்?"

"வீட்டிலேயே இருந்து சேதமாகியிருந்தால் ஈடு வந்திருக்கும்."

"வீட்டிலே இருந்திருந்தா உடைஞ்சே இருக்காதே!" என்றாள் மீனாட்சி.

வாசலில் நின்ற லூர்து அக்கா சிரித்தாள். "தோ பாரு மாமு, வுட்டுட்டு ஓடனா காசு, தூக்கினு ஓடனா பேஜாரா? உன் சட்டம் கடலயே பாத்தது இல்ல போல கீது."

நான் சிரிக்கவில்லை. அங்கே, வீட்டில் விட்டு வந்தது எங்களுடையதல்ல. இங்கே, வீட்டை விட்டு எடுத்துப் போனது எங்களுடையதல்ல. நடுவில் எவ்வளவு தண்ணீர்!

கார்த்திகையில் மறுபடி கடல் ஏறியது. ஒட்டுப்போட்ட மிஷினை லூர்து அக்கா வெளியிலிருந்து இழுத்தாள். மீனாட்சி உள்ளிருந்து பிடித்துக்கொண்டாள்.

"வெளியே போனா நமக்கில்லைக்கா, விடுங்க!"

"உள்ள இருந்தா கடலுக்குதாம்மே, வுடு!"

ரங்கூனில் வாங்கிய தலையும் ராயபுரத்துப் பழைய இரும்புக் கடையில் வாங்கிய காலுமாக, மிஷின் வாசலில் குறுக்கே மாட்டிக்கொண்டது. வெளியே தெரு முழுவதும் கோயிலுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அறைக்கு வேறு வாசல் கிடையாது. நான் மிஷினுக்குப் பின்னால், தள்ளுவதா இழுப்பதா என்று தெரியாமல், இரண்டு கைகளையும் அதன்மேல் வைத்தபடி நின்றேன்.