தாத்தாவுக்குக் காட்டிய வாத்துப் படம்

தொங்பாய் அக்காவுக்கு ஐம்பத்து நான்கு வயது. எங்கள் நோங் பலாய் ஊரில் பப்பாளிக்காயை மிளகாயோடு இடித்துக் கொடுப்பதில் அவள் கைக்கு ஈடு கிடையாது. ஆனால் கடை டிவியில் பொம்மைப்படம் ஓடினால் உலக்கை அந்தரத்தில் நின்றுவிடும். அரக்கன் வழுக்கி விழுவான், இவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். சாப்பிட வந்தவன் பசியோடு உட்கார்ந்திருப்பான்.

எதிர்த் தையல் கடை என்னுடையது. இருபது வருடமாக அவளைக் கிண்டல் செய்வதுதான் எனக்குப் பாதிப் பொழுது.

"ஏன்க்கா, பேரன் எடுக்குற வயசுல பொம்மைப்படமா?"

"உனக்கு என்னடி தெரியும்? குழந்தைங்க வாத்து விழறதப் பாத்துச் சிரிக்கும். நான் அந்த வாத்தோட மாமியார் மூஞ்சியப் பாத்துச் சிரிக்கிறேன்."

அவள் புருஷன் புன்லியாங் கரும்பு லாரி ஓட்டியவர். பொம்மைப்படம் என்றாலே முகத்தைச் சுளித்து செய்தித்தாளை விரித்துக்கொள்வார். பிறகு செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து லாரி ஹாரன் மாதிரி ஒரு சிரிப்பு வரும். விலைவாசிச் செய்தியில் அப்படி என்ன சிரிப்பு என்று யாரும் கேட்டதில்லை.

போன வருடம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. அன்று அக்கா நேராக ஊரைக் காக்கும் சாமியின், நாங்கள் தாத்தா என்று கூப்பிடுபவரின், மரத்தடிக் கோவிலுக்கு ஓடினாள். பின்னாலேயே நானும் ஓடினேன். "தாத்தா, என் மனுஷனைப் பழையபடி எனக்குக் கொடுத்துடு. நான் வயிறு வலிக்கச் சிரிச்ச படத்தையே உனக்குப் போட்டுக் காட்டுறேன்" என்று நேர்ந்துகொண்டாள். சாமிக்குத் திரை கட்டிப் படம் காட்டுவது எங்கள் ஊர் நேர்த்திக்கடன்தான். ஆனால் மற்றவர்களாக இருந்தால் 'ஒரு படம்' என்பதோடு நிறுத்தியிருப்பார்கள். இவளுக்கு அவசரத்திலும் வாத்துதான் ஞாபகம் வந்தது.

எட்டு மாதத்தில் புன்லியாங் கோலூன்றி நடந்தார். ஆனால் வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டே நின்றுவிட்டது. ஒருநாள் சிரிக்கப்போனவர் தன் முகத்தைக் கண்ணாடியில் பார்த்துவிட்டார். அன்றிலிருந்து கட்டம் போட்ட துண்டால் வாயை மூடிக்கொள்வார். சிரிப்பு என்பதே கிடையாது.

"கால் வந்துடுச்சு, சிரிப்பு வரலையேடி. பழையபடின்னுதானே கேட்டேன்?" என்று என் கடைக்கு வந்து அழுதாள். பிறகு அவளே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "தாத்தா பாதி கொடுத்திருக்காரு. நான் என் பங்க முழுசாக் கொடுத்தா மீதியையும் கொடுத்துடுவாரு."

விஷயம் தெரிந்ததும் கோவில்காரர் கம்பான் குதித்தார். தாத்தா பேசுவதெல்லாம் அவர் வாய் வழியாகத்தான். "எத்தனை போர் பாத்த சாமி! அவருக்குப் போய் வாத்துப் படமா? நல்ல கத்திச் சண்டையா ஒண்ணு போடும்மா."

"நேர்ந்துக்கிட்டது ஒண்ணு, போடுறது வேறயா? நீங்க வேணா தாத்தாகிட்டச் சொல்லிப் பாருங்க பெரியவரே."

அவர் முனகிக்கொண்டே நகர்ந்தார். புன்லியாங்கோ, "ஊர் முன்னாடி என் மானத்த வாங்காத, நான் வரல" என்றார்.

"உங்களுக்காகத்தானே நேர்ந்துக்கிட்டேன்? நீங்களே வரலன்னா, யாருக்கு இந்தப் படம்னு தாத்தா கேக்க மாட்டாரா?"

வந்தார். கோவில் மைதானத்தின் கடைசி மூலையில், வாயில் துண்டோடு உட்கார்ந்தார்.

பொழுது சாய்ந்ததும் படக்கார சாயன் திரையைக் கட்டினான். முன்வரிசையில் தாத்தாவுக்கும் அவர் பரிவாரத்துக்கும் காலி நாற்காலிகள், பின்னால் எங்களுக்குப் பாய். வந்த பெரியவர்கள் ஒவ்வொருவரும் "குழந்தைக்காக வந்தேன்" என்றார்கள். ஊர்த்தலைவருக்குக் குழந்தையே இல்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளையை இரவல் வாங்கிக்கொண்டு வந்திருந்தார். கம்பான் திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து தன் எதிர்ப்பைத் தெரிவித்தார்.

படத்தில் இளவரசன் சாபத்தால் வாத்தாகிவிடுகிறான். வாத்து சூப் பானைக்குள் விழுந்தபோது குழந்தைகள் கத்திச் சிரித்தார்கள். பெரியவர்கள் கம்மென்று இருந்தார்கள். அப்போது மாமியார் ராணி பானைக்குள் எட்டிப் பார்த்து, "மாப்பிள்ளை, உப்பு போதுமா?" என்று கேட்டாள். குழந்தைகளுக்கு ஒன்றும் புரியவில்லை. மாப்பிள்ளைகள் அத்தனை பேரும் பாயில் உருண்டார்கள். ஊர்த்தலைவர் இரவல் பிள்ளையைக் கீழே போட்டுவிட்டார். கம்பானின் நாற்காலி மெல்ல மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது.

அக்கா மட்டும் சிரிக்கவில்லை. மூலையில் துண்டு அசைகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். அது அசையவே இல்லை.

பாதிப் படத்தில் படையல் வைப்பது எங்கள் வழக்கம். பிறகு கோவில்காரர் ஒரு சிட்டிகை அரிசி எடுத்துத் தட்டில் போட்டு எண்ணுவார். ஜோடியாக வந்தால் தாத்தாவுக்குத் திருப்தி. நேர்த்திக்கடன் தீர்ந்தது, படக்காரன் திரையைச் சுருட்டிவிடலாம். ஒற்றையாக வந்தால் ஏதோ குறை.

விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான். தட்டில் எட்டு அரிசி. என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். சாயன் அதற்குள் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கியிருந்தான். கம்பான் அவனைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், இருமினார். கட்டை விரலுக்கு அடியில் ஓர் அரிசி காணாமல் போயிற்று.

"ஏழு. ஒத்தை."

அக்காவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "என்ன குறை வெச்சேன் தாத்தா? கொடுத்த காலையும் திருப்பி எடுத்துடாத" என்று தரையில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு வந்த கோபத்தில் அந்தத் தட்டை அப்படியே கிழவர் தலையில் கவிழ்த்திருப்பேன்.

கம்பான் கண்ணை மூடிக்கொண்டு அவசரமாகச் சொன்னார். "பயப்படாத, பயப்படாத. குறை ஒண்ணும் இல்ல. தாத்தா கேக்குறாரு... அந்த வாத்து மறுபடி மனுஷனாகுமா, ஆகாதான்னு."

மூலையில் ஒரு கனைப்பு கேட்டது. பிறகு இன்னொன்று. அப்புறம் லாரி ஹாரன்!

"பெரியவரே! தெரிஞ்சாகணும்னு துடிக்கிறது தாத்தாவா, நீரா?"

புன்லியாங் கோலை ஊன்றி எழுந்து நின்று சிரித்தார். வாய் ஒரு பக்கம் காதுவரை கோணிற்று, எச்சில் வழிந்தது. அவருக்கு அதெல்லாம் ஞாபகமே இல்லை. ஊரே அவரோடு சேர்ந்து சிரித்தது. கம்பானும் வெட்கம்கெட்டுச் சிரித்தார்.

அக்கா எழுந்து போனாள். கீழே விழுந்து கிடந்த துண்டை எடுத்தாள். அவர் கையை நீட்டினார், இவள் கொடுக்கவில்லை. உதறித் தன் இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

சாயன் முணுமுணுத்துக்கொண்டே மீதிப் படத்தையும் போட்டான். முடிந்ததும் மறுபடி அரிசி எண்ணக் கம்பானுக்கும் ஞாபகம் வரவில்லை, எங்களுக்கும் வரவில்லை.

மறுநாள் அக்கா கடையில் அந்தத் துண்டால் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "என்னக்கா, கடைசி வரைக்கும் நீ ஒரு தடவைகூடச் சிரிக்கலயே, உன் படம் உனக்கே அலுத்துப்போச்சா?" என்று சீண்டினேன்.

"போடி இவளே. நான் எங்கடி படத்தப் பாத்தேன்?"