வயிறு நிறைந்த தேனீ

கள்ளக்குறிச்சியிலிருந்து மலையடிவாரம் போகும் பஸ் பாதி வழியில் நிற்கிறது. இடஒதுக்கீடு கேட்டு மறியல். ரோட்டுக்குக் குறுக்கே புளியமரம் வெட்டிக் கிடக்கிறது. என் மடியில் காலித் தேன்பெட்டி. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அடிவாரத்தில் நான் வைத்திருக்கும் பெட்டியில் இடம் போதாமல் தேனீக்கள் புது ராணிக்கு அறை கட்டி மூடிவிட்டன. இன்றே பாதியைப் பிரித்து இதில் குடிவைக்காவிட்டால் பழைய ராணி கூட்டத்தோடு பறந்துவிடும். மலைப் பொந்தில் நானே கையை விட்டுப் பிடித்த முதல் கூட்டம் அது. மூன்றாம் வகுப்பு தாண்டாத நான் அதிலிருந்துதான் நாற்பது பெட்டி ஆக்கினேன்.

கோடாலியோடு ஒருவர் வந்து பெட்டியைத் தட்டுகிறார். என் வயதுதான் இருக்கும்.

"இன்னாய்யா இது, வெடியா?"

விஷயத்தைச் சொல்கிறேன்.

"கூட்டமா கெளம்பினா ஊரையே கொட்டிப்புடுமே?"

"கொட்டாதுங்க. வயிறு முட்ட தேன் குடிச்சிட்டுதான் கெளம்பும்."

"குடுத்து வெச்ச பூச்சி. நாங்க நேத்துலேருந்து பட்டினியா நின்னுக்கினு இருக்கோம்," என்று சிரிக்கிறார். "பஸ்ஸ வுட மாட்டோம். நீ நடந்து போ."

பெட்டியை அவரே வாங்கி மரத்துக்கு அந்தப் பக்கம் இறக்கி வைக்கிறார்.

பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நடக்கிறேன். இன்னும் நாலு மைல் இருக்கிறது. வெயில் ஏறுகிறது. வெயில் ஏறினால்தான் தேனீக்களும் கிளம்பும்.