கட்டாயப் பாடம்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழக அலுவலகமொன்றில் நான் தட்டச்சாளராக இருந்தபோதுதான் அந்த விரிவுரையாளரைத் தெரியவந்தது. மெலிந்த, நரைத்த மனிதர். எங்கே தண்ணீர் கொடுத்தாலும் முதல் மிடறை வாயில் வைத்திருந்து, உப்பைச் சோதித்த பிறகே விழுங்குவார். எங்கள் கிணறுகள் உவராகி வருவதை எல்லா மாணவரும் படிக்க வேண்டுமென்று, நிலத்தடி நீரைக் கட்டாயப் பாடமாக்க முயன்றார். எல்லாருக்கும் இது எதற்கு என்று பாடத்திட்டக் குழு மூன்று முறை திருப்பி அனுப்பியது. ஒவ்வொரு முறையும் அவர் திருத்த, நான் மறுபடி தட்டச்சு செய்தேன். மனைவியும் பிள்ளைகளும் கனடாவுக்குப் போனபோதும் அவர் இதற்காகவே இங்கே நின்றுவிட்டார்.

நான்காம் முறை அனுமதி கிடைத்தது. ஓடிப்போய்ச் சொன்னேன்.

“சேர், உங்கடை பாடம் சரிவந்திட்டுது! இனி எல்லாரும் படிக்கோணும்.”

“ஓமே பிள்ளை?” என்று எழுந்தவர் மறுபடி உட்கார்ந்துவிட்டார். “உந்தச் செய்தியை இப்ப ஆருக்குச் சொல்லுறது? சண்டையாலை கனடாவுக்கு எடுக்க ரெலிபோனும் இல்லை. கடிதம் போய்ச் சேர மாதக் கணக்காகும்.”

மேசையிலிருந்த குறிப்புத் தாள்களை எடுத்து அடுக்கினார்.

“நேரமிருந்தால் உதிலை இருங்கோ. முதல் விரிவுரையைச் சொல்லிப் பாக்கிறன்.”

ஒரு மணித்தியாலம் பேசினார். எனக்குப் பாதி விளங்கவில்லை. முடிந்ததும், “ஏதும் கேள்வி இருக்கோ?” என்றார். இல்லையென்று எழுந்துவிட்டேன். ஒரு கேள்வி கேட்டிருந்தால் அவர் இன்னும் சற்று நேரம் பேசியிருப்பார் என்பது வீட்டுக்குப் போகும் வழியில்தான் உறைத்தது.