வீட்டுக்காரரின் தராசு

பார்சலைப் பிரித்ததும் மெஷின் எண்ணெய் வாசனை. ஜெர்மனியில், ஆஹென் நகரத்தில் எங்கள் வீட்டுக்காரராக இருந்தவரின் சின்னத் தராசு அது. அவர் காலமான பிறகு மகள் அனுப்பியிருந்தாள்.

எழுபதுகளில், துப்பாக்கி சுடும் போட்டிகளுக்குப் போகும் அவருக்குத் தோட்டாக்களில் வீட்டிலேயே வெடிமருந்து நிரப்ப ஆசை. கடையிலிருந்து இரண்டு தராசுகளைக் கொண்டுவந்து, ஆராய்ச்சியாளரான அப்பாவிடம் எதை வாங்கலாம் என்று கேட்டார். பளபளப்பானதில்தான் அவருக்குக் கண்.

அப்பா ஏதோ கணக்குச் சொல்ல ஆரம்பித்தார். அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. அஞ்சறைப்பெட்டியிலிருந்து நாலு கடுகை எடுத்து ஒவ்வொரு தராசிலும் போட்டுப் பார்த்தாள். பளபளப்பானது அசையவே இல்லை. மற்றதின் முள் ஆடியது.

"இதையே வாங்கச் சொல்லுங்க. மருந்து துளி கூடினாலும் மனுஷன் கண்ணு போயிடும்."

அப்பா ஜெர்மனில் சொன்னார். வீட்டுக்காரர் அம்மாவுக்குத் தலைகுனிந்து வணக்கம் வைத்தார்.

தராசோடு ஒரு கண்ணாடிக் குப்பியும் இருந்தது. உள்ளே நாலு கடுகு. மேலே, அவர் கையெழுத்தில் அம்மாவின் பெயர்.